வாயு பிரியாமல் வயிறு உப்பினால் விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் கேள்வி பதில் பகுதியில் 61 வயது வாசகர் ஒருவர், இரண்டு மாதமாக மலச்சிக்கல், நடுநடுவே வயிற்றுப்போக்கு, இப்போது வயிறு உப்புசமாகவே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். இரவில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய், காலையில் வெந்நீர், நார்ச்சத்துள்ள உணவு என்று பதில் போட்டிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. 31 வருஷம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், அதில் 18 வருஷம் அறுவை சிகிச்சை வார்டு. அந்த வாசகருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா உள்ள குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்து பாருங்கள் என்பதுதான், அதுவும் இந்த வாரமே.

50 வயதைத் தாண்டியவருக்கு மலம் போகும் பழக்கம் மாறினால், ரத்தம் கலந்து போனால், காரணமில்லாமல் ரத்தசோகை வந்தால், மூலம் என்று தானாக முடிவு கட்டிக்கொள்ளாமல் குடலுக்குள் பார்த்துவிட வேண்டும். இது இப்போது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டத்தை. புற்றுநோய்க் கட்டி வளர்ந்து பெருங்குடலை முழுசாக அடைத்துவிட்டால் என்ன நடக்கும், அப்போது என்ன செய்யவே கூடாது, டாக்டர்கள் ஏன் அவசரமாக வயிற்றைத் திறந்து, மலம் வயிற்றின் வழியாக வெளியே வந்து சேர ஒரு பை வைக்க வேண்டும் என்கிறார்கள் என்பதைப் பற்றித் தமிழில் நான் அதிகம் படித்ததில்லை. அந்த ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்காரர்கள் எடுக்கிற முடிவில்தான் உயிர் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமாவுக்கு வந்தது இது. 2017 தை மாதம், அப்போது அவருக்கு 64 வயது, திருவாரூர் பக்கம் சின்ன கிராமம், சொந்தமாக இரண்டு ஏக்கர் நிலம். மூன்று மாதமாக அவருக்கு ஒரு வாரம் இறுகிப் போகும், ஒரு வாரம் நீராகப் போகும். இப்படி மாறி மாறிப் போவதைச் சனங்கள் அஜீரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வழி குறுகிவிட்டால் கெட்டியான மலம் மேலேயே தங்கிவிடும், நீராக இருப்பது மட்டும் கிடைத்த இடுக்கில் கசிந்து வெளியே வரும், வயிற்றுப்போக்கு என்று நாம் மாத்திரை வாங்கிப் போட்டு அதையும் நிறுத்திவிடுவோம். மாமா மூலத்துக்கு என்று ஏதோ லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொங்கல் முடிந்து நாலு நாள் மலம் போகவில்லை. அத்தை விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார். அன்று ராத்திரியே வயிறு சுருட்டிச் சுருட்டி வலித்து மத்தளம் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து ஊர் கிளினிக்கில் கேஸ் என்று ஊசி போட்டார்கள், மறுநாள் எனிமா கொடுத்தார்கள், வரவில்லை என்று சாயங்காலம் இன்னொரு எனிமா. அதற்கும் மறுநாள்தான் எனக்கு போன் வந்தது.

நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வயிற்றுத் தோல் எண்ணெய் பூசினது போல் பளபளவென்று இழுபட்டிருந்தது. கையை வைத்தால் உள்ளே குடல் அலை மாதிரி எழும்பி அடங்குவது தெரிந்தது. வாயு பிரிந்து எத்தனை நேரம் ஆச்சு மாமா என்று கேட்டேன், முந்தாநாள் காலையில் என்றார். பக்கத்தில் இருந்த வாளியில் வாந்தி எடுத்திருந்தார், அதில் மல வாடை. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை, 108க்கு போன் செய்தேன்.

இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வெறும் மலச்சிக்கல் என்றால் வாயு பிரியும். மலமும் போகாமல் வாயுவும் பிரியாமல் வயிறு உப்பிக்கொண்டே வந்தால் குடல் அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெருங்குடல் அடைப்பில் வாந்தி கடைசியில்தான் வரும், அதனால் வாந்தி இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா எதுவும் வேண்டாம். வாய் வழியாகத் தண்ணீர்கூட வேண்டாம். முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் வீங்கி நிற்கிற குடலை மேலே இருந்து முடுக்கிவிடுவதும், கீழே இருந்து தண்ணீரை ஏற்றுவதும் அது கிழியத்தான் வழி செய்யும்.

எங்கள் டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஆகாயத்தாமரை வந்து மதகை அடைத்துக்கொண்டால் உடைப்பெடுப்பது மதகில் இல்லை, மேலே எங்கே கரை தாங்காதோ அங்கே. பெருங்குடல் ஆரம்பிப்பது வலது அடிவயிற்றில், குடல்வால் இருக்கிற இடத்தில். குடலிலேயே அகலமான பகுதி அது. சிறுகுடல் வந்து சேரும் வாயில் ஒரு வால்வு உண்டு, பலருக்கு அது பெருங்குடலில் இருப்பதைத் திரும்ப மேலே விடாது. அப்புறம் என்ன, இடது பக்கம் கட்டி அடைக்க, வலது பக்கம் வால்வு மூட, நடுவில் இருப்பது இரண்டு பக்கமும் கட்டின பலூன். அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்றாலும் அகலமான இடத்தின் சுவர்தான் அதிகம் இழுபடும். எக்ஸ்ரேயில் அந்த இடம் 12 சென்டிமீட்டரை நெருங்கிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் கிழியலாம் என்பார்கள் டாக்டர்கள். கிழிந்தால் மலம் வயிறு முழுக்கப் பரவிவிடும். கட்டி ஒரு மூலையில் இருக்க, வேறொரு மூலையில் குடல் வெடித்துச் சாகிறார்கள் என்பது இதனால்தான்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாமாவுக்கு ரைல்ஸ் டியூப், அதாவது மூக்கு வழியாக இரைப்பைக்குள் விடும் குழாய், போட்டதும் ஒன்றரை லிட்டர் இறங்கியது. சிறுநீருக்குக் கேத்தீட்டர் போட்டார்கள், இரண்டு கையிலும் ட்ரிப்ஸ், பொட்டாசியம் குறைந்திருந்தது, அதை ஏற்றினார்கள். சி.டி. ஸ்கேனில் இடது பக்கம், மலக்குடலுக்குச் சற்று மேலே, பெருங்குடலைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு கட்டி. வலது பக்கம் குடல் 10 சென்டிமீட்டர். அன்று பணியில் இருந்த பெண் சர்ஜன் ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் பேனாவால் குடலை வரைந்து அத்தைக்குச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வலது பக்கக் கட்டியாக இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுச் சிறுகுடலை மிச்சமுள்ள பெருங்குடலோடு பெரும்பாலும் அப்போதே சேர்த்துவிடலாம். இடது பக்கம் அப்படி இல்லை. அடைப்புக்கு மேலே இருக்கிற குடல் வீங்கி, நீர் கோத்து, மலம் நிறைந்து கிடக்கிறது, கீழே இருப்பது சுருங்கிக் கிடக்கிறது. நோயாளியோ நாலு நாள் சாப்பிடாமல் வாந்தி எடுத்து உடம்பில் தெம்பில்லாமல் இருக்கிறார். இந்த நிலையில் தையல் போட்டுச் சேர்த்தால் தையல் விட்டுப் போகும் ஆபத்து அதிகம், விட்டுப்போனால் மலம் கசிந்து உயிர் போகும். அதனால் கட்டியை எடுத்துவிட்டு, கீழ் முனையைத் தைத்து மூடி, மேல் முனையை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து பை வைக்கிறோம் என்றார்.

இதற்கு ஹார்ட்மன் ஆபரேஷன் என்று பெயர். ஹென்றி ஹார்ட்மன் என்ற பிரெஞ்சு சர்ஜன் 1921இல் பெருங்குடல் புற்றுநோய்க்காகச் சொன்ன முறை, நூறு வருஷம் தாண்டியும் இன்றும் நடுராத்திரியில் உயிரைக் காப்பாற்றுகிறது. நான் 1988இல் வேலையில் சேர்ந்தபோது மூத்த சர்ஜன்கள் சிலர் இதையே மூன்று தவணையாகச் செய்வார்கள். முதலில் பை மட்டும், சில வாரம் கழித்துக் கட்டி, அப்புறம் பையை மூடுவது. ஒரே மனிதரை ஒரே வருஷத்தில் மூன்று முறை தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். ரொம்பத் தளர்ந்து போனவர்களுக்கும் மலக்குடலிலேயே கட்டி உள்ளவர்களுக்கும் இன்றும் முதலில் பை மட்டும் வைத்து மூச்சு வாங்க விடுவது உண்டு. உடம்பு தாங்குகிறவர்களுக்கு, குடலை ஆபரேஷன் மேஜையிலேயே காலி செய்து உடனே சேர்ப்பதும், வீங்கின பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டுச் சிறுகுடலைக் கீழே இணைப்பதும் உண்டு. எது யாருக்கு என்பது வயிற்றைத் திறந்து பார்க்கிற சர்ஜனுக்குத்தான் தெரியும், கூகுளில் படித்துவிட்டுப் போய் அவரிடம் வாதாட இது நேரமில்லை.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "பீப்பையக் கட்டிக்கிட்டு ஊருக்குள்ள எப்படிம்மா நடமாடுவேன், என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு" என்றார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போது வேறு ஒரு முகம்தான் கண்முன் வந்தது.

அதற்குப் பல வருஷம் முன்னால் எங்கள் வார்டில் ஓர் அம்மா, ஐம்பது வயதுகூட ஆகவில்லை, இதே அடைப்பு. வீட்டு ஆண்கள் எல்லோரும் கூடிப் பேசி, பை எல்லாம் வேண்டாம், வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போனார்கள். கைநாட்டு வைத்த அந்தக் காகிதத்தை நான்தான் கேஸ் ஷீட்டில் சேர்த்தேன். வேறு இடத்தில் என்ன பார்த்தார்களோ, மூன்றாம் நாள் குடல் கிழிந்து, கை கால் சில்லிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். திறந்து கழுவிப் பை வைத்தும் மறுநாள் விடியலில் போய்விட்டார். அவருடைய மகள், காலேஜ் படிக்கிற வயசுப் பெண், "பை அன்னைக்கே வெச்சிருந்தா அம்மா இருந்திருப்பாங்களா சிஸ்டர்" என்று கேட்டாள். இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும், அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அன்று மாமாவிடம் இந்தக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். பயமுறுத்துவது தப்பு என்று என் தம்பிகூடக் கோபித்துக்கொண்டான். சொன்னதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. கடைசியில் மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான், "வேட்டி கட்ட முடியுமா?"

அந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. பை எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை முடிந்தவரை ஆபரேஷனுக்கு முன்னாலேயே, நோயாளியை உட்கார வைத்து, நிற்க வைத்துப் பார்த்துப் பேனாவால் குறித்துவிட வேண்டும். வேட்டி இறுக்குகிற இடத்திலோ பாவாடை நாடா வருகிற இடத்திலோ, உட்கார்ந்தால் வயிற்றுச் சதை மடிகிற இடத்திலோ வந்துவிட்டால் பை ஒட்டாது, ஒட்டினாலும் ஒழுகும், தோல் வெந்துபோகும். அவசர ஆபரேஷனில் இதைச் செய்ய நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டே நிமிஷ வேலை. மாமாவை இரண்டு பேர் பிடித்து உட்கார வைக்க, நானே வேட்டி மடிப்புக்கு மேலே குறித்தேன், சர்ஜன் பார்த்துச் சரி என்றார்.

இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட். இருதயத்துக்கு வைக்கிறார்களே, அதுபோலக் குடலுக்கு உள்ள உலோக வலைக்குழாய். ஆசனவாய் வழியாக ஸ்கோப் விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே, கட்டியின் நடுவில் சுருங்கின நிலையில் வைத்துவிட்டால் அது தானாக விரிந்து வழி விடும். வயிறு வற்றி, நோயாளி தேறி, ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துச் சாவகாசமாக ஆபரேஷன் செய்து, பல பேருக்குப் பை இல்லாமலே குடலைச் சேர்த்துவிட முடிகிறது. ஆரம்பத்தில் இதற்கு நிறையத் தயக்கம் இருந்தது, ஸ்டென்ட் குத்திக் குடல் கிழிந்தால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பயம். ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம் 2014இல் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று சொன்னது, 2020இல் நோயாளியோடு கலந்து பேசித் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு வழி என்று மாற்றிக்கொண்டது. பிரிட்டனில் நடந்த கிரெஸ்ட் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது, ஸ்டென்ட் வைத்தவர்களில் பை தேவைப்பட்டவர்கள் குறைவு, மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது உயிரோடு இருந்தவர்கள் கணக்கில் வித்தியாசம் இல்லை என்றார்கள். ஆனால் குடல் ஏற்கெனவே கிழிந்திருந்தால் இதைச் செய்யக் கூடாது, கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தாலும் சரிப்படாது, கைதேர்ந்தவர் இருக்கிற இடத்தில்தான் செய்ய வேண்டும். நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிப் பெரிய ஆபரேஷன் தாங்காதவர்களுக்கு ஸ்டென்டோ பையோ மட்டும் வைத்து வேதனையைத் தீர்க்கலாம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடத் தேவையில்லை. மாமாவைக் கொண்டுபோன இடத்தில் அன்று இந்த வசதி இல்லை, தேடிக்கொண்டு போக நேரமும் இல்லை.

ராத்திரி ஒரு மணிக்கு தியேட்டருக்குள் போனவர் விடியும்போது வெளியே வந்தார். மூன்றாம் நாள் காலையில் பை காற்றால் புடைத்துக்கொண்டு நின்றது. வாயு பிரிகிறது என்று நான் கத்தினதில் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் நிறைய. பயாப்ஸி ரிசல்ட்டை வாங்காமல் விடாதீர்கள். அதில், குடலைச் சுற்றி நோய் பரவக்கூடிய சின்ன முடிச்சுகளான நிணநீர்க் கணுக்கள் குறைந்தது 12 பார்த்திருக்கிறார்களா, எத்தனையில் நோய் இருக்கிறது என்று எழுதியிருக்கும், மாமாவுக்கு 14இல் 2. கணுவில் இருந்தால் கீமோ அவசியம், கணுவில் இல்லாவிட்டாலும் அடைப்போடு வந்தவர்களுக்குக் கீமோ வேண்டுமா என்று கட்டாயம் கேட்க வேண்டும், காயம் ஆறியதும் இரண்டு மாதத்துக்குள் ஆரம்பித்துவிடுவது நல்லது. மாமாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு ட்ரிப்ஸ், கூடவே மாத்திரை, ஆறு மாதம். அந்த மருந்துக்குக் குளிர்ச்சி ஆகாது, அடிபம்புத் தண்ணீர் கையில் பட்டாலே விரல் நுனியில் கரண்ட் அடிப்பது போல் இருக்கிறது என்பார், அத்தை கை கழுவக்கூட வெந்நீர் வைத்துக் கொடுப்பார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடைத்திருந்தபோது கட்டிக்கு மேலே ஸ்கோப் போயிருக்காது, அங்கே இன்னொரு கட்டி ஒளிந்திருக்கலாம். அதனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மிச்சமுள்ள குடல் முழுவதையும் ஸ்கோப்பில் பார்த்துவிட வேண்டும், மாமாவுக்குப் பை வழியாகவே பார்த்தார்கள்.

பையைப் பற்றி ஊரில் சொல்கிறதில் பாதி பொய். வெளியே தெரிகிற குடல் உதட்டின் உள்பக்கம் மாதிரி சிவப்பாக ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. கறுத்தால் மட்டும் உடனே ஓட வேண்டும். பையின் ஒட்டுத் தட்டில் குடல் அளவுக்கு ஒரு நூல் கூடுதலாக ஓட்டை வெட்ட வேண்டும், பெரிசாக வெட்டிவிட்டால் மலம் பட்டுத் தோல் புண்ணாகும். முதல் ஒன்றரை மாதம் குடல் வீக்கம் வற்றி அளவு மாறிக்கொண்டே வரும், அதனால் ஒவ்வொரு முறையும் அளந்து வெட்டணும். வெறும் தண்ணீரில் துடைத்து, நன்றாக ஈரம் போக ஒற்றி எடுத்து ஒட்டினால் போதும், பவுடர் எண்ணெய் எல்லாம் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட்டால் பாரம் இழுக்காது. சரியாக ஒட்டின பையில் வாடை வராது. மாமா முதல் மூன்று மாதம் கல்யாணம் காட்சி எதற்கும் போகவில்லை, வீட்டிலேயே தனித் தட்டு வைத்துக்கொண்டார், அத்தைதான் ஒருநாள் அந்தத் தட்டை எடுத்துப் பரணில் போட்டார். ஒரு வருஷம் கழித்துக் குடலைத் திரும்பச் சேர்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். அதுவும் பெரிய ஆபரேஷன்தான், நிறையப் பேர் செய்துகொள்வதே இல்லை. இது பழகிப்போச்சு, இன்னொரு தடவை கத்தி வேண்டாம் என்றுவிட்டார். இன்று வரை பையோடுதான் நடவுக்கு வரப்பில் நிற்கிறார், மேலே வேட்டி, துண்டு, யாருக்கும் தெரியாது.

நம் மாநிலத்தில் அவசர ஆபரேஷன் செய்யக் கைகள் இருக்கின்றன, காப்பீட்டு அட்டை இருக்கிறது. குறை எங்கே என்றால், வீட்டுக்குப் போன பிறகு பையை எப்படி மாற்றுவது என்று சொல்லித்தர ஆள் இல்லை. பை தீர்ந்துபோய், பாலிதீன் கவரைத் துணியால் கட்டிக்கொண்டு ஓபிக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு செவிலியராவது இருக்க வேண்டும், பை தடையில்லாமல் கிடைக்க வேண்டும். உங்கள் நிருபர்கள் இதைப் பற்றி விசாரித்து எழுதினால் நல்லது. சின்ன கிளினிக் நடத்துகிற டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள், வயிறு உப்பி வாயு பிரியாமல் வந்தவருக்கு இரண்டாவது எனிமா கொடுப்பதற்குப் பதில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்த 61 வயது வாசகரின் கடிதம் உங்கள் அலுவலகத்தில் இருக்கும். அதில் அவருடைய போன் நம்பர் இருந்தால், இதை அச்சில் போடும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே கூப்பிட்டு, விளக்கெண்ணெய் வேண்டாம், போய் ஸ்கோப் பாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்